தேயிலைக் கம்பனிகளும் தாய்மாரும்: மின்சிங் லேனிலிருந்து ஒரு பழங்கணக்கு

காலையில் எழுந்ததும் அடுப்பில் கேத்தலை வைக்காத தமிழ் வீடு இலண்டன் மாநகரில் இல்லையெனலாம். ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் நம்மவர் கடைகளில் இலங்கைத் தேயிலைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஊரின் மணம் அதில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தேயிலையின் விலையும் அதைப் பறித்த பெண்ணின் கூலியும் ஒரு காலத்தில் இந்த நகரத்திலேயே, கோபுரப் பாலத்துக்கு மேற்கே நடந்தால் வரும் மின்சிங் லேன் என்னும் ஒடுங்கிய தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தே நிர்ணயிக்கப்பட்டன என்பதை நம்மிற் பலர் அறியார். இலண்டன் தேயிலை ஏலம் 1679 இல் தொடங்கியது. 1998 ஜூன் 29 ஆம் திகதி கடைசி ஏலத்துடன் அது முடிவுக்கு வந்தது. நுவரெலியாவிலும் அற்றனிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த கம்பனிகள் பலவற்றின் பணிப்பாளர் சபைகள் இந்த நகரத்திலேதான் கூடின.

தொழில் நிறுவனங்கள் தம்மிடம் வேலைசெய்யும் பெண்களின் மகப்பேற்றுச் சுகாதாரத்தையும் உரிமையையும் பேணவேண்டும் என்று இன்று பல மேடைகளிற் பேசப்படுகிறது. இது புதிய கருத்தன்று. மலையகத் தமிழ்ப் பெண்களின் வாழ்வில் இது நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. பரீட்சையில் யார் என்ன மதிப்பெண் பெற்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் அவர்கள் இராமநாதபுரத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் திரும்பிவிடுவர். 1869 இல் கோப்பி இலையிற் பூஞ்சண நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை கிள்ளாவிட்டால் கொழுந்து முற்றிவிடும். அதற்குப் பெண்ணின் விரல்களே ஏற்றவை என்று துரைமார் முடிவுசெய்தனர். பெண்ணின் கூலி குறைவு என்பதும் அம்முடிவுக்கு ஒரு காரணமாயிருந்திருக்கும். இவ்வாறுதான் தேயிலை குடும்பங்களை மலைக்குக் கொண்டுவந்தது. லயத்துக் காம்பராக்களிற் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கினர்.

கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிறப்புக்கு இரு முகங்கள் இருந்தன. பிறக்கும் பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் கொழுந்துக் கூடை சுமக்கும். கடல் கடந்து ஆள்பிடித்துவரும் செலவு மிச்சம். அதேவேளை, பிள்ளை பெற்றவள் சில வாரங்கள் மலைக்கு வரமாட்டாள், அது நட்டம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தோட்டத்துத் தாயின் நலம் இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவிலேயே தீர்மானிக்கப்பட்டது.

அவளுடைய நாள் எப்படிக் கழிந்தது? விடியுமுன் தப்பு அடிக்கும். பெரட்டுக்களத்திற் பெயர் கொடுக்கவேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுச் செங்குத்தான மலையில் ஏறவேண்டும். கொழுந்து நிறுவைக்கு வரும் நேரத்தில் ஓடிச்சென்று பால் கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். நிறைமாதக் கர்ப்பிணிகள் வலி எடுக்கும்வரை கொழுந்து கிள்ளினர். சிலர் தேயிலைச் செடிகளுக்கிடையிலேயே பெற்றெடுத்தனர். 1929 இல் முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று விதிக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பு குறைந்தது என்று சட்டமே சொன்னது.

ஆயினும் சட்டம் முற்றாகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும், அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்று தோட்டத்துரைக்குக் கடமை விதித்தது. அதே காலத்து இலண்டனோடு இதை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். பிரித்தானியாவில் 1891 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பிரசவத்தின்பின் நான்கு வாரங்களுக்குப் பெண்ணை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது. ஆனால் அந்த நான்கு வாரமும் அவள் எதைத் தின்பாள் என்பதைப்பற்றி அச்சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே கிழக்கு இலண்டனின் ஏழைத் தாய்மார், பிறந்த திகதியை மறைத்துத் தொழிற்சாலைக்குத் திரும்பினர். தெரிந்தும் தெரியாதவர்போல் முதலாளிமார் அவர்களை ஏற்றுக்கொண்டனர். 1911 ஆம் ஆண்டுத் தேசிய காப்புறுதிச் சட்டத்தின்கீழ் 30 சிலிங் மகப்பேற்றுப் பணம் வந்தது. அதுவும் முதலிற் கணவன் கைக்கே போகக்கூடியதாக இருந்தது. மார்கரெட் லுவெலின் டேவிஸ் என்னும் பெருமாட்டியைச் செயலாளராகக் கொண்ட பெண்கள் கூட்டுறவுக் கழகம் போராடியதனால், 1913 இல் அது தாயின் சொத்து என்று சட்டம் திருத்தப்பட்டது. உழைக்கும் தாய்மார் தம் பிரசவ அனுபவங்களைத் தாமே எழுதிய கடிதங்களை அக்கழகம் 1915 இல் நூலாகவும் வெளியிட்டது. நமது தோட்டத்துத் தாய்மாருக்கு அப்படிக் கடிதம் எழுத எழுத்தறிவும் கிடைக்கவில்லை. எழுதினாற் படிக்க ஆளும் இருக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு மாத உணவு ஏட்டில் இருந்தது உண்மை. ஆனால் தாயைக் கொன்றது பிரசவம் மட்டுமன்று. கொழுக்கிப்புழு என்னும் ஒரு சிறு புழு குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். காலில் மிதியடியின்றி, மலசலகூடமும் இன்றி வாழ்ந்த லயங்களில் அது பரவாதிருக்க வழியில்லை. சோகை பிடித்த உடம்பு பிரசவத்தில் இழக்கும் இரத்தத்தைத் தாங்காது. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் 1916 அளவில் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்தபோது துரைமார் மகிழ்ந்தனர். தொழிலாளி கூடுதலாக உழைப்பான் அல்லவா? மருந்து மட்டும் போதாது, மலசலகூடங்கள் கட்டவேண்டும் என்றபோது பலர் பின்வாங்கினர். மருந்தால் நீங்கிய புழு மண்ணிலிருந்து மீண்டும் காலில் ஏறியது. தாயின் உயிர் பிரசவ அறையில் மட்டுமன்று, குழாய்த் தண்ணீரிலும் மலசலகூடத்திலும் தங்கியிருக்கிறது என்ற பாடத்தை அன்றே கற்றிருக்கலாம்.

1939 இல் இலங்கை அரசாங்க சபைக் காலத்தில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், 32 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929 இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றி வழிகாட்டியிருந்தது. இலங்கைச் சட்டம் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வாரங்களுக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. தோட்டங்களுக்கு மட்டும் ஒரு தனிவழி விடப்பட்டது: பிரசவ விடுதியும் மருத்துவமாதும் வைத்திருக்கும் தோட்டம், பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுபோலவே தோன்றும். நல்ல துரை வாய்த்த தோட்டங்களில் அது நன்மையும் செய்தது. ஆனால் இதன் உள்ளே ஒரு சிக்கல் இருந்தது. வைத்தியர் ஐயாவும் மருத்துவமாதும் கம்பனியின் சம்பளக்காரர். பெண்ணின் வயிற்றில் உள்ள செய்தி, அவளை வேலைக்கு அனுப்பும் அதே அலுவலகத்துக்கு முதலிற் போய்ச்சேர்ந்தது. அவளுக்குச் சுகமில்லையா, வேலைக்குப் போகலாமா என்று தீர்ப்புச் சொல்பவரும், பேர் போடுபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வெளியே போய் வேறு இடத்தில் முறையிடவும் வழி இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இலங்கையின் கிராமங்களில் அரசாங்கத்தின் இலவச மருத்துவமும் தாய்சேய் நிலையங்களும் வேகமாகப் பரவி, உலகமே மெச்சும் வகையிற் சிசுமரணம் குறைந்தபோது, தோட்டத்தின் வாயிலில் அந்த வளர்ச்சி நின்றுவிட்டது. அது கம்பனியின் பொறுப்பு என்று அரசும், அரசு செய்யட்டும் என்று கம்பனியும் இருந்தன. குடியுரிமை இல்லாதவளின் பிரசவம் எவருடைய புள்ளிவிபரத்துக்கும் அவசரமானதாக இருக்கவில்லை. அகதிகளாகிய நாம் இதை விளங்கிக்கொள்வதற்கு அதிக விளக்கம் தேவையில்லை.

இனி, பாக்கு நீரிணைக்கு அப்பால் நீலகிரியில் நடந்த ஒரு பரீட்சையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கம் 1893 இல் நிறுவப்பட்டது; குன்னூரிலிருந்து இயங்குவது. இந்தியாவின் 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி வீடு, மருத்துவம், பிள்ளை மடுவம், பாடசாலை யாவற்றையும் தோட்டமே கொடுக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு பிறப்பும் கம்பனிக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்க முடிந்தது. கணக்குப் பார்த்தவர்கள் அதிர்ந்தனர். ஒரு பிறப்பைத் தவிர்த்தால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பெண்ணுக்கே கொடுத்தால் என்ன என்று யோசித்தனர்.

1971 இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில், ஏறத்தாழ எழுநூறு பெண்களைக் கொண்டு அத்திட்டம் தொடங்கியது. அமெரிக்கப் பொருளியலறிஞர் றொனால்ட் றிட்கரின் யோசனை. சங்கத்தின் ஆலோசகர் வி. ஐ. சாக்கோ அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர். கர்ப்பமில்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண்ணின் பெயரிற் கம்பனி ஐந்து ரூபாவைச் சேமிப்பில் வைக்கும். பிள்ளைபெறும் வயது கடந்தபின் முழுத்தொகையும் அவளுக்குக் கிடைக்கும். இரண்டு பிள்ளைகள்வரை தண்டனை இல்லை. மூன்றாவது பிறந்தாற் சேமிப்பில் ஒரு பகுதி பறிபோகும். மேலும் பிறந்தால் மேலும் பறிபோகும். உலக மக்கட்தொகை அறிஞர்கள் இதை ஒரு புதுமை என்று வியந்து எழுதினர்.

இதில் நன்மை இல்லையென்று சொல்லமுடியாது. வாழ்நாளில் ஒரு சதம் தன் பெயரில் இல்லாதிருந்த பெண்ணுக்கு ஒரு கணக்குப் பிறந்தது. கணவன் எடுத்துக் குடிக்க முடியாத பணம். இத்திட்டத்துடன் அதே காலத்தில் சங்கம் நடத்திய பரந்த தொழிலாளர் நலத்திட்டம் இன்னும் போற்றத்தக்கது. பிள்ளைகள் சாகாமலிருந்தாலன்றித் தாய்மார் பிள்ளைப்பேற்றைக் குறைக்கமாட்டார் என்பதை அத்திட்டத்தார் விளங்கிக்கொண்டனர். தண்ணீர், தடுப்பூசி, சத்துணவு, நல்ல பிள்ளை மடுவம் ஆகியவற்றை முன்வைத்தனர். லயத்துப் பெண்களிலிருந்தே சிலரைத் தெரிந்தெடுத்து, சில குடும்பங்களுக்கு ஒருவராக, மருந்தகத்துக்கும் வீட்டுக்கும் இடையே தொடர்பாளராகப் பழக்கினர். துரையின் ஆளைவிட, பக்கத்துக் காம்பராப் பெண் சொன்ன சொல்லே எடுபட்டது.

ஆனால் ஐந்து ரூபாத் திட்டத்தை எண்ணும்போது நமக்கு ஒரு நெருடல் உண்டாகிறது. கருவுற்றாயா இல்லையா என்பதை மாதந்தோறும் முதலாளியின் பதிவேடு அறியவேண்டும். மூன்றாவது பிள்ளை பிறந்தால் அவளுக்கு அதிகப் பணம் தேவைப்படும் அந்நேரத்திலே பணம் குறைகிறது. முதலிரு பிள்ளைகளும் காய்ச்சலில் இறந்துபோனவளுக்கு மூன்றாவது என்பது எத்தனையாவது? உரிமை என்பது பெறவும் பெறாதிருக்கவும் உள்ள உரிமை. ஒரு பக்கத்துக்கு மட்டும் விலை வைத்தால் அதை உரிமை என்று சொல்வது கடினம். கம்பனிக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் பிள்ளை பெறுவது நன்று. செலவு கூடிய காலத்தில் பெறாதிருப்பது நன்று.

இலங்கையில் எழுபதுகளின் முற்பகுதி பஞ்சகாலம். மாவும் அரிசியும் குறைந்து, 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டங்களிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை 1974 இல் ஒரு வயது காணாமல் மாண்டன. இச்செய்தி இலண்டனுக்கு வந்தது. இங்குள்ள வோர் ஒன் வோண்ட் என்னும் அறநிறுவனம் ஈடித் பொண்ட் என்பவரின் ஆய்வை 1974 இல் வெளியிட்டது. பிரித்தானியத் தொலைக்காட்சியும் லயங்களைக் காட்டியது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த பொதுமக்கள் கம்பனிகளைக் கேள்வி கேட்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு, 1975 இல், இலங்கை அரசு கம்பனித் தோட்டங்களைத் தேசியமயமாக்கியது. கேள்விக்குப் பதில் சொல்லாமலே கம்பனிகள் நட்டஈட்டுடன் வெளியேறின.

துரை மாறினார், மனப்பான்மை மாறச் சிறிது காலம் எடுத்தது. எண்பதுகளில் மலடாக்கும் சத்திரசிகிச்சைக்கு அரசு 500 ரூபா கொடுத்தது. அன்றைய தோட்டக் கூலியில் அது பெருந்தொகை. நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களில் இச்சிகிச்சை மிக அதிகமாக நடந்தது. மாத்திரை, ஊசி முதலிய தற்காலிக முறைகள் மிகக் குறைவாகவே பயன்பட்டன. விரும்பிச் செய்துகொண்டவர்களும் பலர் இருந்தனர் என்பதை மறைக்கலாகாது. ஆனால் லொறியில் ஏற்றிச்சென்று ஒரே நாளிற் பலருக்குச் செய்வதும், கையில் 500 ரூபாவைக் கொடுப்பதும் விருப்பத்தை எவ்வாறு அளப்பது என்ற கேள்வியை எழுப்பின. சட்டமும் அதே திசையில் நடந்தது. 1985 ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுமுறையை 84 நாட்களாக உயர்த்தியது. ஆனால் முதலிரு பிள்ளைகளுக்கு மட்டும். மூன்றாவதற்கு 42 நாட்கள். மூன்றாம் பிரசவத்தில் உடம்பு பாதி நேரத்திலேயே தேறிவிடும் என்று எந்த வைத்தியநூல் சொல்லிற்றோ தெரியவில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகளின்பின், 2018 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமே அந்த வேறுபாட்டை நீக்கியது.

இவற்றுக்கிடையில் உண்மையாகவே பயன் தந்த மாற்றமொன்று மருத்துவத்துறையிலிருந்து வரவில்லை. 1984 இல் தொழிற்சங்கப் போராட்டத்தின் விளைவாக ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. அதே கூலியைக் கொண்டு அவள் கர்ப்பகாலத்தில் ஒரு முட்டையாவது வாங்கமுடியும். எனினும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கும் வழக்கம் நீடித்தது. மார்கரெட் லுவெலின் டேவிஸ் 1913 இல் வென்ற வழக்கு மலையில் எழுபது ஆண்டுகளின் பின்னும் முடியவில்லை.

இப்போது இலண்டனுக்குத் திரும்புவோம். 1975 இல் பிரித்தானியாவில் வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கர்ப்பத்துக்காக வேலையிலிருந்து நீக்குவது முறைகேடாயிற்று. ஆனால் அதன் நன்மைகளைப் பெறப் பொதுவாக இரண்டாண்டு தொடர்ச்சியான வேலை வேண்டியிருந்தது. வந்தேறிய பெண்களில் எத்தனை பேர் ஒரே இடத்தில் இரண்டாண்டு நிற்கமுடிந்தது? 1994 ஒக்டோபரில் ஐரோப்பியச் சட்டத்தின் பயனாகவே எல்லாப் பெண்களுக்கும் 14 வார விடுமுறை கிடைத்தது. இன்று விடுமுறை 52 வாரம்; வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. மகப்பேற்றுச் சம்பளம் 39 வாரம். முதல் ஆறு வாரமும் சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 90. கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் செல்லும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. பிரசவத்தின்பின் கட்டாய ஓய்வு இரண்டு வாரம். தொழிற்சாலையில் வேலைசெய்பவர்க்கு மட்டும் நான்கு வாரம். 1891 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அது.

நம்மவரும் இன்று முதலாளிமார். பலசரக்குக் கடை, எரிபொருள் நிலையம், உணவகம், தபாற்கந்தோர் என்று நம்மவர் நடத்தும் தொழில்கள் பல. அவற்றிற் காசுப்பெட்டியருகே நிற்பவர்களும் சமையலறையில் நிற்பவர்களும் பெரும்பாலும் நமது பெண்களே. பிட்டும் இடியப்பமும் அவித்துப் பொதிசெய்யும் பெண்கள் பத்து மணித்தியாலம் நின்றபடி வேலைசெய்கின்றனர்.

நாம் அறிந்த ஒரு பெண்ணின் கதை இது. வேலைசெய்ய உரிமம் பெற்றவர். வாரம் நாற்பது மணித்தியாலம் ஒரு கடையில் நின்றார். சம்பளத்துண்டில் பன்னிரண்டு மணித்தியாலமே எழுதப்பட்டிருந்தது. மிகுதி கையிற் காசாக. அது தனக்கும் வசதி என்றே அவரும் எண்ணியிருந்தார். கருவுற்றபோதுதான் கணக்குப் புரிந்தது. மகப்பேற்றுச் சம்பளம் பெறுவதற்குச் சராசரி வாரச் சம்பளம் ஒரு குறைந்தபட்ச எல்லையை எட்டவேண்டும். 2025 ஏப்ரலில் அது 125 பவுணாக இருந்தது. துண்டில் இருந்த தொகை, அப்போதிருந்த எல்லையை எட்டவில்லை. கையில் வாங்கிய காசுக்குச் சட்டத்தின் கண்ணில் உருவமில்லை.

கடைக்காரர் கொடியவரல்லர். குழந்தை பிறக்குமுன்பே பெற்றவளுக்கென்று சரக்குத்தூளும் நல்லெண்ணெயும் ஒரு கோழியும் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் தன்னிடமிருந்து மகப்பேற்றுச் சம்பளம் கிடைக்காது என்பதை எழுதித் தரவேண்டிய எஸ். எம். பி. 1 என்னும் படிவத்தைக் கொடுக்க அஞ்சினார். அப்படிவம் இருந்தால் அப்பெண் அரசாங்கத்திடம் மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். அது கடைக்காரரின் பையிலிருந்து போகும் பணமன்று. முறையாகக் கணக்கு வைத்திருந்தால், மகப்பேற்றுச் சம்பளத்தையே கடைக்காரர் கொடுத்துவிட்டு அரசிடமிருந்து முழுவதையும் மீளப் பெற்றிருக்கலாம். ஆண்டுக்கு 45,000 பவுணுக்கு மேற்படாத தேசிய காப்புறுதி செலுத்தும் சிறு முதலாளிக்கு, கொடுத்ததற்கும் மேலாகவே திரும்பிவரும். 2025 ஏப்ரலில் அது 100 பவுணுக்கு 108 பவுணும் 50 பென்சுமாக இருந்தது. இதை அவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. கணக்காளரை அழைத்துக் கேட்டார். கணக்காளர் ஆமென்றார்.

அப்பெண் அந்தப் படிவத்துக்காக மூன்றுமுறை கடைக்குச் சென்றார். மூன்றாம் முறை எட்டு மாத வயிற்றோடு பேருந்தில் நின்றபடி போனார். அன்று அது கிடைத்தது. கடைக்காரர் கையெழுத்திட்டு நீட்டிவிட்டு, "தங்கச்சி, பிறகு வேலைக்கு வாறபோது எல்லா மணித்தியாலத்தையும் துண்டிலே போடச் சொல்லவோ?" என்று கேட்டாராம். "ஓம் அண்ணை, போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்ததாக அவர் எம்மிடம் கூறினார்.